இரண்டாவது அடி

தமிழ் சினிமாவில் மண்டையில் அடிபடுவது மாதிரி சௌகரியமான விஷயம் வேறு கிடையாது. முதல் அடியில் கதாநாயகனுக்கு எல்லாம் மறந்து போகும். பெற்ற தாயைப் பார்த்து "நீங்க யாரு?" என்பான். கிளைமாக்ஸில் வில்லனின் ஆள் ஒருத்தன் அதே இடத்தில் (அரை சென்டிமீட்டர் பிசகாமல்) உருட்டுக்கட்டையால் இன்னொன்று போடுவான். அவ்வளவுதான், குடும்பப் பாட்டு உள்பட எல்லாம் ஞாபகம் வந்துவிடும். முதல் அடி நோய், இரண்டாவது அடி மருந்து.

நிஜத்தில் நேர் எதிர். முதல் அடியை மூளை பெரும்பாலும் சமாளித்துவிடுகிறது. அது முழுசாகச் சரியாவதற்குள் விழுகிற இரண்டாவது அடிதான் ஆளைக் கொண்டுபோகும். அதுவும் பதின்மூன்று வயதிலிருந்து பத்தொன்பது வரை இருக்கிற பிள்ளைகள் விஷயத்தில்.

சரி, முழுசாகச் சரியாவது எப்போது? அடிபட்டவனைக் கேட்டால் மறுநாளே "எல்லாம் சரியாயிட்டு" என்பான். அவன் மூளைக்குள் ஓடுகிற ரத்தத்தை விசாரித்தால் வேறு பதில் வருகிறது. கடந்த பதினைந்து வருஷங்களாக ஆராய்ச்சியாளர்கள் அதைத்தான் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

தூத்துக்குடி தருவை மைதானத்தில் ஒரு சாயங்காலம் என்று வைத்துக்கொள்வோம். பேட்ஸ்மேன் தூக்கி அடிக்கிறான். பந்து வானத்துக்குப் போகிறது. கீழே இரண்டு பையன்கள் ஓடி வருகிறார்கள். இரண்டு பேர் கண்ணும் மேலே. "எனக்குலே, எனக்குலே" என்று இரண்டு பேருமே கத்துகிறார்கள். மடார்! பந்து மட்டும் பத்திரமாகத் தரையில் விழுகிறது.

ஒருத்தன் எழுந்துவிட்டான். இன்னொருத்தன், பத்தாவது படிக்கிறவன், உட்கார்ந்தபடியே தலையைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். முகத்தில் தண்ணீர் அடிக்கிறார்கள். யாரோ சோடா வாங்க ஓடுகிறார்கள். (அடிபட்டவனுக்கு ஏன் சோடா என்று இந்த நாட்டில் இதுவரை யாரும் கேட்டதில்லை.) "என்னலே ஆச்சு?" "ஒண்ணுமில்லலே." ரத்தம் வரவில்லை, மயக்கம் போடவில்லை. இரண்டு ஓவர் உட்கார்ந்துவிட்டுத் திரும்பவும் ஃபீல்டிங்குக்குப் போகிறான். போனவன், "இது எத்தனாவது ஓவர்?" என்று ஒரே ஓவரில் மூன்று தடவை கேட்கிறான். பசங்கள் சிரிக்கிறார்கள்.

ராத்திரி வீட்டில் டி.வி. சத்தம் தாங்கவில்லை, டியூப் லைட் வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது. சாப்பிட்டது வெளியே வருகிறது. அம்மா பயந்துபோய் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போகிறாள். சி.டி. ஸ்கேன். ரத்தக்கசிவு இல்லை, எலும்பு முறிவு இல்லை, எல்லாம் நார்மல். அம்மா பனிமய மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிறாள். புதன்கிழமை பையன் தெளிந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை ஃபைனல்.

ஆடலாமா?

இவனுக்கு வந்திருப்பதற்கு கன்கஷன் என்று பெயர். தமிழில் மூளை அதிர்ச்சி. பனங்காய்க்குள் நுங்கு இருப்பதை நம்ம பக்கத்து ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. வெளியே அரிவாளுக்கே மசியாத ஓடு, உள்ளே விரல் பட்டால் பிதுங்குகிற சதை. மண்டையும் கிட்டத்தட்ட அப்படித்தான். சுமார் 1.4 கிலோ மூளை, கொஞ்சம் தண்ணீர் மாதிரி திரவத்தில் மிதந்துகொண்டிருக்கிறது. தலை சடாரென்று நிற்கும்போது, அல்லது திரும்பும்போது, உள்ளே இருப்பது நிற்பதில்லை. குலுங்குகிறது, முறுக்கிக்கொள்கிறது. அதற்குத் தலையிலேயே அடிபட வேண்டும் என்றுகூட இல்லை. கபடியில் நாலு பேர் சேர்ந்து இழுத்துத் தரையில் போடும்போது கழுத்து ஒரு வெட்டு வெட்டினால் போதும். கன்கஷன் வந்தவர்களில் பெரும்பாலோர் மயக்கம் போடுவதே இல்லை. 'மயக்கம் வரல, அதனால ஒண்ணுமில்ல' என்கிற கணக்கு அங்கேயே அடிபட்டுப் போகிறது.

அப்படியானால் சி.டி. ஸ்கேன் பொய் சொல்கிறதா? இல்லை. அது கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறது. ரத்தம் கசிந்திருக்கிறதா, எலும்பு உடைந்திருக்கிறதா என்பதே அதனிடம் கேட்கப்பட்ட கேள்வி. வீட்டை போட்டோ எடுத்தால் சுவர் நன்றாக இருப்பது தெரியும். குழாயில் தண்ணீர் வருகிறதா என்பது தெரியாது. கன்கஷன் என்பது சுவர்த் தகராறு இல்லை, குழாய்த் தகராறு.

குழாய்க் கணக்கைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். (பி.காம். படித்தவனிடம் மூளையைக் கொடுத்தால் வரவு செலவுதான் பார்ப்பான், பொறுத்துக்கொள்ளுங்கள்.) உடம்பு எடையில் மூளையின் பங்கு வெறும் 2 சதவீதம். இதயம் பம்ப் பண்ணுகிற ரத்தத்தில் அது எடுத்துக்கொள்வது சுமார் 15 சதவீதம். உடம்புக்கு வருகிற ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதம். நிமிஷத்துக்கு ஏறக்குறைய முக்கால் லிட்டர் ரத்தம் மேலே போய் வருகிறது. இவ்வளவு செலவாளிக்கு சேமிப்பு என்று பார்த்தால் கிட்டத்தட்ட பூஜ்யம். தசையும் ஈரலும் சர்க்கரையைக் கிடங்கில் போட்டு வைத்துக்கொள்ளும். மூளை அன்றாடங்காய்ச்சி. ஓட்டம் நின்றால் பத்து நொடிக்குள் நினைவு போய்விடும்.

அதனால்தான் இயற்கை அங்கே ஒரு நல்ல ஸ்டெபிலைஸர் வைத்திருக்கிறது. பழைய ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் 'டிக் டிக்' என்று சத்தம் போட்டுக்கொண்டு ஒரு பெட்டி இருக்குமே, அதேதான். நீங்கள் படுத்திருந்து சடக்கென்று எழுந்தாலும், பஸ்ஸைப் பிடிக்க ஓடினாலும், மேனேஜர் முன்னால் நின்று ரத்த அழுத்தம் ஏறினாலும், மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்கியோ விரிந்தோ ஓட்டத்தை ஏறக்குறைய ஒரே அளவில் வைத்துக்கொள்கின்றன. மூளையில் எந்தப் பகுதி வேலை செய்கிறதோ அங்கே மட்டும் கொஞ்சம் கூடுதலாகத் திறந்துவிடவும் அவற்றுக்குத் தெரியும்.

அடிபட்டதும் நடப்பது இது. குலுங்கிய நரம்பு செல்களின் சுவர் கசிகிறது. உள்ளே இருக்க வேண்டிய பொட்டாசியம் வெளியே ஓடுகிறது. வெளியே இருக்க வேண்டிய கால்சியம் உள்ளே நுழைகிறது. ஒவ்வொன்றையும் பழைய இடத்துக்கு அனுப்ப செல்லில் உள்ள பம்புகள் ராப்பகலாக ஓட வேண்டும். பம்ப் ஓட சர்க்கரை வேண்டும், அதைக் கொண்டுவர ரத்தம் வேண்டும். அந்த நேரம் பார்த்து ரத்த ஓட்டம் குறைகிறது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் கிஸா, ஹோவ்டா என்ற இரண்டு பேர் 2001-ல் இந்தச் சங்கிலியை ஒழுங்காக எழுதி வைத்தார்கள். டிமாண்ட் ஏறுகிறது, சப்ளை இறங்குகிறது. வணிகவியலில் இதற்குப் பெயர் பஞ்சம்.

ஆனால் அந்தக் கணக்கில் பெரும்பகுதி எலிகளை வைத்துப் பார்த்தது. பிள்ளைகளின் தலைக்குள் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க ஒரு வழி வேண்டும். ஊசியில்லாமல், சாயம் ஏற்றாமல், கதிரியக்கம் இல்லாமல் பார்க்க வேண்டும். எம்.ஆர்.ஐ. மெஷினிலேயே அதற்கு ஒரு தந்திரம் இருக்கிறது. பொருட்காட்சி வாசலில் கையில் ஒரு முத்திரை குத்தி உள்ளே விடுவார்கள் அல்லவா? அதே மாதிரி, கழுத்து வழியாக மேலே போகிற ரத்தத்துக்குக் காந்தத்தால் ஒரு முத்திரை. இரண்டு நொடி கழித்துத் தலையைப் படமெடுத்தால் முத்திரை விழுந்த ரத்தம் எங்கெங்கே, எவ்வளவு போய்ச் சேர்ந்திருக்கிறது என்று தெரியும். முத்திரை குத்தாமல் இன்னொரு படம். ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழித்தால் விடை.

இந்த மாதிரி அளவுகளோடு 2012-ல் ஒரு ஆராய்ச்சி வந்தது. விளையாட்டில் கன்கஷன் ஆன 12 பிள்ளைகள், வயது 11 முதல் 15. ஸ்கேனில் மூளையின் அமைப்பில் குறை இல்லை. ரசாயனத்தில் குறை இல்லை. ரத்த ஓட்டம் மட்டும் மற்றப் பிள்ளைகளைவிடக் குறைவு. 14-ம் நாள் பார்த்தபோது ஓட்டம் நார்மலை நோக்கித் திரும்பியிருந்தது 27 சதவீதம் பேருக்குத்தான். 30 நாள் தாண்டிப் பார்த்தபோது 64 சதவீதம். மிச்சப் பேருக்கு மாசம் ஒன்று ஆகியும் குழாய் முழுசாகத் திறக்கவில்லை.

பன்னிரண்டு பேரை வைத்து உலகத்தைத் தீர்மானிக்கக் கூடாது, ஒப்புக்கொள்கிறேன். 2016-ல் இன்னொன்று வந்தது. அமெரிக்கக் கால்பந்து ஆடுகிற பள்ளி, கல்லூரி இளைஞர்களை அடிபட்ட 24 மணி நேரத்துக்குள் ஒரு தடவை, எட்டாம் நாள் ஒரு தடவை பார்த்தார்கள். எட்டாம் நாள் பையன்களின் தலைவலி, தள்ளாட்டம் எல்லாம் போயிருந்தது. பரீட்சை வைத்தால் ஒழுங்காகப் பதில் சொன்னார்கள். ரத்த ஓட்டம்? முதல் நாளைவிட எட்டாம் நாள் இன்னும் குறைந்திருந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம். அறிகுறி இறங்குகிற கோடும், ரத்த ஓட்டம் திரும்புகிற கோடும் ஒன்றாகப் போகவில்லை. நம்ம தருவை மைதானத்துப் பையன் புதன்கிழமை "சரியாயிட்டு" என்று சொன்னது பொய் இல்லை. அவனுக்குத் தெரிந்த வரையில் நிஜம். அவனுக்குத் தெரியாத இடத்தில் ரிப்பேர் வேலை நடந்துகொண்டிருக்கிறது.

எல்லாம் இப்படி நேர்கோட்டில் இருந்தால் விஞ்ஞானம் எதற்கு? 2017-ல் கனடாவில் கன்கஷன் ஆகி ஒரு மாசத்துக்கு மேலான பிள்ளைகளைப் பார்த்தார்கள். இன்னும் தலைவலி என்று அவதிப்பட்டவர்களுக்கு ரத்த ஓட்டம் மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது! குணமாகிவிட்டேன் என்றவர்களுக்குக் குறைவாக இருந்தது. குறைந்தால் கெடுதல், கூடினால் நல்லது என்று சுலபமாகச் சொல்ல முடியாத சமாச்சாரம் இது. வயசும் குறுக்கே நிற்கிறது. எட்டு வயதிலிருந்து இருபத்திரண்டு வரை தொள்ளாயிரத்துச் சொச்சம் பேரை ஸ்கேன் செய்து 2014-ல் வெளியான ஒரு ஆராய்ச்சிப்படி, பருவ வயதில் மூளையின் ரத்த ஓட்டமே மாறிக்கொண்டிருக்கிறது. பையன்களுக்கு இறங்கிக்கொண்டே போகிறது. பெண் பிள்ளைகளுக்கு இறங்கி, நடுப் பருவத்தில் திரும்பி ஏறுகிறது. மீசை முளைக்கிற வயதில் எதுதான் நிலையாக இருக்கிறது?

என் அபிப்பிராயம், கூடுகிறதா குறைகிறதா என்பதைவிட முக்கியமானது ஸ்டெபிலைஸர் வேலை செய்கிறதா என்பது. இதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. அதைக் கேட்டால் தூத்துக்குடிக்காரர்கள் சிரிப்பார்கள்.

மூச்சை அடக்கச் சொல்கிறார்கள்!

கொற்கையில் பாண்டியர் துறைமுகம் இருந்த காலத்திலிருந்து இந்தக் கடற்கரையில் நடந்த காரியம் அது. பாறாங்கல்லைக் காலில் கொடுத்துக்கொண்டு சரேலென்று கீழே போய், சுமார் ஒரு நிமிஷம் மூச்சடக்கி, சிப்பியை வாரிக் கூடையில் போட்டுக்கொண்டு மேலே வருவார்கள். கடைசியாக இங்கே அரசாங்கம் முத்துக்குளிப்பு நடத்தியது 1961-ல். அதற்கப்புறம் சிப்பி படுகைகள் கைவிட்டுவிட்டன. சங்கு குளிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், கம்ப்ரஸர் காற்றுக் குழாயைக் கடித்துக்கொண்டு இறங்குகிறவர்களும் அதில் உண்டு.

மூச்சை அடக்கினால் என்ன ஆகிறது? வெளியே போக வேண்டிய கரியமில வாயு ரத்தத்தில் சேருகிறது. மூளையின் ரத்தக் குழாய்களுக்கு அந்த வாயுதான் மணியோசை. 'அய்யய்யோ, ஆபத்து' என்று விரிகின்றன. ஓட்டம் கூடுகிறது. மேலே வந்து மூச்சு விட்டதும் பழைய அளவுக்குச் சுருங்குகின்றன. நல்ல குழாய்க்கு இரண்டும் தெரியும், விரியவும் தெரியும், திரும்பவும் தெரியும். முத்துக்குளிப்பவரின் உயிரே இந்த இரண்டில்தான் இருந்தது, அவருக்கு அந்த வாயுவின் பெயர் தெரியாவிட்டாலும்.

கனடாவில் ஐஸ் ஹாக்கி ஆடுகிற இளைஞர்களை வைத்து 2011-லும் 2013-லும் வெளியான சோதனைகளில் செய்தது இதைத்தான். நெற்றிப் பொட்டில் அல்ட்ராசவுண்டு கருவியை வைத்துக்கொண்டு (எலும்பு மெல்லிசாக இருக்கிற இடம் அது) மூளைக்குப் போகும் ரத்தத்தின் வேகத்தை அளந்தார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது கன்கஷன் ஆனவனுக்கும் ஆகாதவனுக்கும் வித்தியாசம் இல்லை. இருபது நொடி மூச்சை அடக்கு, விடு, மறுபடி அடக்கு என்று வேலை கொடுத்தபோது குட்டு வெளிப்பட்டது. அடிபட்டவனின் குழாய்கள் ஒழுங்காகப் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

ஆக, வீட்டில் சோபாவில் உட்கார்ந்திருக்கிற பையன் நார்மலாகத்தான் இருப்பான். மைதானத்தில் ஓடவிட்டால்தான் தெரியும். (இதைப் படித்துவிட்டு வீட்டில் யாரையும் மூச்சடக்கச் சொல்லிப் பரீட்சை பண்ணாதீர்கள். கருவி இல்லாமல் அதில் ஒன்றும் தெரியாது. இந்த ஸ்கேனும் அல்ட்ராசவுண்டும் கன்கஷனைப் பொறுத்தவரை இன்னும் ஆராய்ச்சிச் சாமான்கள்தான். ஆஸ்பத்திரியில் போய் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டு டாக்டரைப் படுத்த வேண்டாம்.)

ஸ்டெபிலைஸர் கெட்டிருக்கிற நேரத்தில் இன்னொரு அடி விழுந்தால்? குழாய்கள் கட்டுப்பாடு இல்லாமல் விரிந்துவிடுகின்றன, ரத்தம் வெள்ளமாக நுழைகிறது, மூளை வீங்குகிறது. மண்டையோடு விரியாது. சில நிமிஷங்களில் எல்லாம் முடிந்துவிடலாம். 1984-லிருந்து மருத்துவர்கள் இதை 'இரண்டாம் அடி' நோய் என்றே சொல்கிறார்கள். ரொம்ப அபூர்வம். முதல் அடியின் பங்கு எவ்வளவு, இரண்டாவதின் பங்கு எவ்வளவு என்று டாக்டர்களுக்குள் இன்னும் வாக்குவாதம் உண்டு. ஆனால் பதிவான கேஸ்களில் அநேகம் பேர் பதின்வயதினர், இளைஞர்கள் என்பதில் வாக்குவாதம் இல்லை.

அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் ஸாக்கரி லிஸ்டெட் என்ற 13 வயதுப் பையன் 2006-ல் பள்ளிக்கூட மேட்சில் தலையில் அடிபட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு அதே மேட்சில் திரும்ப இறங்கினான். ஆட்டம் முடிந்ததும் சுருண்டு விழுந்தான். பிழைத்தான், ஆனால் மறுபடி பேசுவதற்கே பல மாதங்கள் ஆயின. 2009-ல் அவன் பெயரில் சட்டம் வந்தது. கன்கஷன் சந்தேகம் வந்தாலே வெளியே, மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் உள்ளே வரக் கூடாது. 2014-க்குள் அந்த நாட்டின் 50 மாநிலங்களிலும் அதே மாதிரி சட்டம்.

கனடாவின் ஒட்டாவாவில் ரோவன் ஸ்ட்ரிங்கர், வயது 17, பள்ளி ரக்பி அணியின் கேப்டன். 2013 மே மாசம் ஆறு நாளில் மூன்று அடி. முதல் இரண்டில் தலைவலி இருந்திருக்கிறது. தனக்கு வந்திருப்பது கன்கஷன்தானோ என்று அவளே இன்டர்நெட்டில் தேடிப் பார்த்திருக்கிறாள். தோழியிடம் சொல்லியிருக்கிறாள். பெரியவர்கள் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாவது அடிக்கு அப்புறம் எழுந்திருக்கவில்லை. 2018-ல் அந்த மாகாணத்தில் அவள் பெயரில் ஒரு சட்டம்.

அவள் ஏன் சொல்லவில்லை என்று எனக்குப் புரிகிறது. உங்களுக்கும் புரியும். சொன்னால் டீமிலிருந்து தூக்கிவிடுவார்கள். பதினேழு வயதில் அதைவிடப் பெரிய ஆபத்து உலகத்தில் கிடையாது.

பெரியவர்கள் மட்டும் என்ன வாழ்கிறதாம்? 2019 ஆகஸ்டில் லார்ட்ஸில் ஆர்ச்சரின் பந்து கழுத்தில் பட்டு ஸ்டீவ் ஸ்மித் விழுந்தார். வெளியே போனார், பரிசோதனையெல்லாம் பாஸ் பண்ணினார், 46 நிமிஷம் கழித்துத் திரும்பி வந்து ஆடி 92-ல் அவுட் ஆனார். மறுநாள் காலையில் எழுந்தால் தலைவலி, மந்தம். அந்த மாசம்தான் கன்கஷனுக்கு மாற்று ஆள் விடலாம் என்று சர்வதேச கிரிக்கெட்டில் விதி வந்திருந்தது. லபுஷேன் முதல் மாற்று ஆளாக இறங்கினார். அடுத்த டெஸ்ட்டிலும் ஸ்மித் இல்லை. 2020 டிசம்பரில் கான்பெராவில் ஸ்டார்க்கின் பந்து ஜடேஜாவின் ஹெல்மெட்டில் பட்டது. ஓவரை முடித்துவிட்டு உள்ளே வந்தபிறகுதான் தலை சுற்றியது. பதிலுக்கு வந்த சஹால் மூன்று விக்கெட் எடுத்து ஆட்ட நாயகன் விருதையும் வாங்கிக்கொண்டு போக, ஆஸ்திரேலியாக்காரர்கள் முறைத்தார்கள். இவர்களுக்கெல்லாம் பக்கத்திலேயே டாக்டர். அப்படியிருந்தும் உடனே தெரியவில்லை.

டாக்டர் பேச்சு வந்ததால் ஒன்று சொல்ல வேண்டும். 1962-ல் பார்படாஸில் கிரிஃபித்தின் பந்தில் மண்டை உடைந்த இந்தியக் கேப்டன் நாரி கான்ட்ராக்டருக்கு ரத்தம் கொடுத்தவர் எதிரணிக் கேப்டன் ஃபிராங்க் வொரல் என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. அவர் தலையில் உலோகத் தகடு வைத்தது நம்ம வேலூர் சி.எம்.சி.யில், டாக்டர் ஜேக்கப் சாண்டி. இந்தியாவின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைப் பிரிவை 1949-ல் அங்கே ஆரம்பித்தவர் அவர். அந்தத் தகடு அறுபது வருஷம் உழைத்து, 2022-ல்தான் வெளியே எடுக்கப்பட்டது. கான்ட்ராக்டர் பின்னால் முதல்தர கிரிக்கெட் ஆடினார், டெஸ்ட் ஆடவே இல்லை. அது எலும்பு முறிந்த பெரிய காயம், நாம் பேசுவது அதற்குப் பல படி கீழே இருப்பது. பெரிய காயத்துக்கு மரியாதை கிடைக்கிறது. சின்னதற்குத்தான் யாரும் பாய் போடுவதில்லை.

மணத்தி கணேசன் பிறந்த மாவட்டம் இது. கபடி ஆடாத கிராமம் கிடையாது. கோவில்பட்டியில் பிள்ளைகள் நடக்கப் பழகியதும் ஹாக்கி மட்டையைப் பிடிக்கிறார்கள். கடற்கரை ஊர்களில் மணலில் கால்பந்து. டோர்னமென்ட் நோட்டீஸில் முதல் பரிசு, இரண்டாம் பரிசு, ரொக்கம், கேடயம் எல்லாம் இருக்கும். அடிபட்டால் மாற்று ஆள் என்ற வரி மட்டும் இருக்காது.

இந்த ஊரிலேயே அதற்கு ஒரு பழைய ஏற்பாடு உண்டு. முத்துக்குளிக்க இறங்குகிறவரின் இடுப்புக் கயிற்றை மேலே படகில் ஒருத்தர் பிடித்துக்கொண்டிருப்பார். பெரும்பாலும் மச்சான்தான் பிடிப்பார் என்று சொல்வார்கள். தங்கச்சியின் தாலி அந்தக் கயிற்றில் தொங்குகிறது என்பதால் மச்சான் அசர மாட்டாராம். காரணம் எதுவோ, ஏற்பாடு கெட்டிக்காரத்தனமானது. மூச்சு முட்டி, புத்தி மங்குகிற இடத்தில் இருப்பவன் தனக்கு எவ்வளவு நேரம் மிச்சம் என்று சரியாகக் கணக்குப் போட முடியாது. மேலே காற்றோட்டமாக இருப்பவன்தான் போட வேண்டும். கன்கஷனிலும் கெட்டுப்போயிருப்பது முடிவெடுக்கிற உறுப்பே. அதனிடமே போய் 'ஆடலாமா?' என்று கேட்பது, திருடனிடமே சாவியைக் கொடுத்து எண்ணச் சொல்வது மாதிரி. கேப்டன், அண்ணன், டீமுக்கு பேட் வாங்கிக் கொடுக்கிற ஆபீஸ் அண்ணாச்சி, யாராவது ஒருத்தர் கயிற்றைப் பிடித்தாக வேண்டும். 'எத்தனாவது ஓவர்?' என்று மூன்று தடவை கேட்டபோது சிரித்தார்களே, அங்கேயே இழுத்திருக்க வேண்டும்.

இழுத்தபிறகு? வாந்தி நிற்காமல் வருகிறது, தலைவலி ஏறிக்கொண்டே போகிறது, ஒரு கண்மணி பெரிசாக இருக்கிறது, வலிப்பு, கைகால் பலவீனம், பேச்சுக் குழறல், எழுப்பினால் எழுந்திருக்கவில்லை... இதில் எது ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். விபூதி, மந்திரிப்பு, சோடா எல்லாம் அப்புறம். இவை எதுவும் இல்லை, டாக்டரும் பார்த்துவிட்டார் என்றால் பையன் தூங்கலாம். தூங்கவே விடக் கூடாது என்று ராத்திரி முழுக்க உலுக்கி எழுப்புகிற பழக்கம் அவனுக்கும் தண்டனை, அம்மாவுக்கும் தண்டனை.

முன்னெல்லாம் இருட்டறையில் வாரக்கணக்கில் படுக்கப் போட்டார்கள். இப்போது அதை விட்டுவிட்டார்கள். 2022-ல் ஆம்ஸ்டர்டாமில் கூடி நிபுணர்கள் முடிவு செய்து 2023-ல் வெளியிட்டபடி, முதல் ஒன்று அல்லது இரண்டு நாள் அடக்கமாக இருந்தால் போதும். வீட்டுக்குள் நடமாடலாம். அப்புறம் மெதுவாக நடை, பிறகு கொஞ்சம் வேகநடை. 13 முதல் 18 வயதுள்ள 103 பேரை வைத்து 2019-ல் ஒரு சோதனை. அறிகுறி கிளம்பாத அளவுக்கு லேசாகத் தினம் உடற்பயிற்சி செய்தவர்கள் 13 நாளில் தேறினார்கள். கைகாலை நீட்டி மடக்க மட்டும் செய்தவர்களுக்கு 17 நாள் ஆனது. மிதமாக ஓடவிட்டால் இதயமும் குழாய்களும் மறுபடி ஒன்றுக்கொன்று பேசப் பழகுகின்றன என்று ஒரு விளக்கம் சொல்கிறார்கள். பழுதான மோட்டாரை எடுத்ததும் ஃபுல் ஸ்பீடில் ஓட்டாமல், சும்மாவும் போடாமல், கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டிப் பார்க்கிற மெக்கானிக் புத்திதான்.

செல்போன்? இதைக் கேட்டால் பையன்களுக்கு மறுபடி தலைவலி வரும். 12 முதல் 25 வயது வரை உள்ள 125 பேரில் ஒரு பாதிக்கு முதல் 48 மணி நேரம் திரை எதையும் பார்க்காதே என்றார்கள். இன்னொரு பாதிக்குப் பார்த்துக்கொள் என்றார்கள். 2021-ல் வந்த முடிவு: பார்க்காதவர்களுக்கு அறிகுறிகள் மூன்றரை நாளில் தீர்ந்தன, பார்த்தவர்களுக்கு எட்டு நாள். இரண்டே நாள் போனை அம்மா இடுப்பில் செருகிக்கொண்டால் நாலரை நாள் லாபம். இந்த வட்டி எந்த பாங்கிலும் கிடையாது.

ஹெல்மெட் பற்றி ஒரு வார்த்தை. மண்டை உடையாமல் காப்பதில் அதற்கு ஈடு இல்லை. துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பைக் ஓட்டுகிறவர்கள் அதைக் கண்ணாடியில் மாட்டாமல் தலையில் மாட்டுவது உத்தமம். ஆனால் உள்ளே நுங்கு குலுங்குவதை அதால் முழுக்கத் தடுக்க முடியாது. ஜடேஜா போட்டிருந்ததும் ஹெல்மெட்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஃபைனல் விஷயத்துக்கு வருவோம். முதலில் பள்ளிக்கூடம், அப்புறம்தான் மைதானம். பாடம் படித்தால் தலைவலி வருகிறவன் பந்து பிடிக்கப் போகக் கூடாது. திரும்பி வருவதற்கு ஆறு படிகள் வைத்திருக்கிறார்கள். வீட்டில் சாதாரண வேலை, லேசான நடை ஓட்டம், தனியாகப் பயிற்சி, மற்றவர்களோடு இடிக்காத பயிற்சி, முழுப் பயிற்சி, மேட்ச். ஒவ்வொரு படியிலும் குறைந்தது ஒரு நாள். நாலாம் படிக்குப் போகுமுன் அறிகுறிகள் மொத்தமும் போயிருக்க வேண்டும், ஐந்தாம் படிக்கு முன்னால் டாக்டர் சரி என்று சொல்ல வேண்டும். எவ்வளவு வேகமாக ஏறினாலும் ஒரு வாரத்துக்குக் குறையாது. பிள்ளைகளுக்கு நாலு வாரம் வரை ஆவது சகஜம். அதற்குமேலும் தலைவலி இருந்தால் நரம்பியல் டாக்டர்.

ஃபைனலில் அவனுக்கு வேறு வேலை கொடுக்கலாமே என்றால், ஸ்கோர் எழுதச் சொல்லாதீர்கள். வெயிலில் உட்கார்ந்து ஒவ்வொரு பந்தாகக் கூட்டிக்கொண்டிருப்பது, புண்பட்ட மூளைக்கு ஃபீல்டிங்கைவிடக் கஷ்டம். அம்பயர் வேலையும் கூடாது. தப்பான அவுட் கொடுத்தால் நம்ம ஊரில் அதற்கும் தலையில்தான் விழும்.